இரண்டாவது ஷவருக்கு முன் ஒரு பக்கெட் சோதனை

எட்டு இஞ்ச் மழை ஷவர் ஒன்றும் ஹேண்ட் ஷவர் ஒன்றும் வாங்கி மாட்டிய பிறகு, இரண்டிலும் நூல் நூலாகத் தண்ணீர் வந்தால் பொருளில் குறை இருப்பது அரிது. மொட்டை மாடி டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். தரைத்தளம் மட்டும் உள்ள தனி வீட்டில், 7 அடியில் இருக்கும் ஷவருக்கும் டேங்கின் நீர்மட்டத்துக்கும் இடையே 2 முதல் 3 மீட்டர்தான் இருக்கும். கிடைப்பது 0.2, 0.3 பார். பெரிய மழை ஷவர்கள் பலவற்றுக்கு 1 பாராவது வேண்டும். அடுக்குமாடியில் கீழ்த்தளக்காரருக்கு இந்தக் கவலை இல்லை, மேல்தளக்காரருக்கு உண்டு.

வாங்கும் முன் பழைய ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, 10 லிட்டர் பக்கெட்டை அந்த உயரத்திலேயே பிடித்துக் குழாயை முழுதாகத் திறந்து நேரம் பாருங்கள். 30 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். இரண்டு ஷவரும் ஒன்றாக ஓடும். ஒரு நிமிடம் ஆனால், ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதற்கும் மேல் ஆனால் பம்ப் இல்லாமல் இரண்டாவது ஷவர் வேண்டாம். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். வெந்நீர் மட்டும் மெதுவாக வந்தால் கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வில் உப்பு அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிரஷர் பம்ப் வைப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் வைப்பது. அழுத்தம் கூடிய பச்சைத் தண்ணீர் இரண்டையும் கலக்கும் மிக்ஸர் வழியாக வெந்நீர் லைனுக்குள் ஏறி, வெந்நீரை வரவிடாமல் தள்ளிவிடும். டேங்கிலிருந்து இறங்கும் குழாய் கீசருக்கும் குளியலறைக்கும் பிரியும் இடத்துக்கு முன்பே பம்ப் இருக்க வேண்டும். கீசரில் எழுதியுள்ள அழுத்த அளவை பம்ப் தாண்டவும் கூடாது.

அடுத்தது வெந்நீர்க் கணக்கு. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி வெந்நீர், குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கலந்து 40 டிகிரியில் குளித்தால் மொத்தம் 40 லிட்டர் கிடைக்கும். இரண்டு ஷவரும் நிமிடத்துக்கு 16 லிட்டர் கொட்டினால் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் கலப்பதால் உண்மையில் இன்னும் குறைவுதான். 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடாக்கக் கால் மணிக்கு மேல் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் குழாய்த் தண்ணீரே 15 டிகிரி என்றால், அந்த 40 லிட்டர் 27 ஆகிவிடும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரோ, 12 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர்தான் தரும். அதை நம்பி மழை ஷவர் மாட்டவே மாட்டாதீர்கள்.

சுவரை உடைக்காத எளிய வழி, ஷவர் கைக்கும் தலைக்கும் நடுவே அரை இஞ்ச் டைவர்டர் (தண்ணீரை இரண்டு ஷவருக்கும் பிரித்து விடும் வால்வு) பொருத்துவது. கழற்றும்போது ஷவர் கையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது திரும்பினால் சுவருக்குள் இருக்கும் எல்போவின் மரை தளர்ந்து, சில வாரம் கழித்து மறுபக்கச் சுவரில் ஈரம் தெரியும். பழைய டேப்பைச் சுத்தமாக நீக்கி, மரை முறுகும் திசையில் டெஃப்லான் டேப்பைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஹேண்ட் ஷவர் ஹோஸுக்கு டேப் தேவையில்லை. ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்தால், கையால் முறுக்கினாலே போதும்.

சுவரில் காடி வெட்டிப் புதிதாகப் போடுகிறவர்கள் டைவர்டர் வரை முக்கால் இஞ்ச், அதன் பின் அரை இஞ்ச் குழாய் போடட்டும். வெந்நீருக்கு, சிபிவிசி போன்ற சூடு தாங்கும் குழாய்தான். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். டைல்ஸ் ஒட்டும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் எந்த பிளம்பரையும் விடாதீர்கள். குழாய் இணைப்பின் பசை முழுதாக இறுக ஒரு நாள் விட்டபிறகுதான் அந்த டெஸ்ட். தரையின் வாட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் விழும் இடத்தில் தரையில் தண்ணீர் வெளியேறும் டிராப் அடைத்திருந்தால், குளித்து முடிப்பதற்குள் தண்ணீர் வாசல்படி தாண்டும்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஹேண்ட் ஷவரையே தேர்ந்தெடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கும் பெரியவர்களுக்கும், தலை நனையக் கூடாதவர்களுக்கும் அது தரும் உதவியை எந்த மழை ஷவரும் தராது. கொக்கியை உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் வையுங்கள். ஆனால் அழுக்குத் தண்ணீர் உள்ள பக்கெட்டுக்குள் ஹேண்ட் ஷவர் மூழ்கிக் கிடக்க விடாதீர்கள். டேங்க் காலியாகி லைன் வடியும்போது, குழாய் திறந்திருந்தால் பக்கெட் தண்ணீரைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும். ஹோஸ் தொடங்கும் இடத்தில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டால் அதைத் தடுக்கலாம்.

போர் தண்ணீர் வீடுகளில் ரப்பர் போன்ற சிலிகான் துளை உள்ள ஷவராகப் பார்த்து வாங்குங்கள். விரலால் தேய்த்தாலே உப்பு உதிரும். மீதி அடைப்புக்குத் தலையைக் கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் போதும். கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் குரோம் பூச்சு உரிந்துவிடும்.