முகப்பரு மனதுக்குள் இறங்குவது எப்படி?

கன்னத்தில் நாலைந்து பருக்கள் மட்டுமே உள்ள பெண் கல்லூரிக்குப் போகவே மறுப்பாள். முகமெங்கும் கட்டி கட்டியாகப் பரு உள்ள பையன் கூச்சமில்லாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. பரு எவ்வளவு கடுமை என்பதை வைத்து மனவேதனையை அளக்க முடியாது. ஆகவே "லேசான பருதானே, வயசானா போயிடும்" என்ற ஆறுதல் உண்மையில் வேதனைப்படுபவரைப் பல நேரம் தவறவிடுகிறது.

பிரிட்டனில் 1986 முதல் 2012 வரையிலான மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பரு என்று மருத்துவர் உறுதிசெய்த முதல் ஆண்டில், பரு இல்லாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு உள்ளவர்கள் சொல்லும் அளவுக்குச் சமமான மன, சமூகச் சிரமங்களைப் பரு நோயாளிகளும் சொன்னதாக 1999-இல் இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு பதிவு செய்தது.

தோலுக்கும் மனதுக்கும் இடையே இருவழிப் பாதை உண்டு. மன அழுத்தத்தின்போது மூளை சுரக்கும் சில வேதிப்பொருள்களை ஏற்கும் வாங்கிகள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் எண்ணெய் கூடுகிறது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில், தேர்வு நாட்களில் அழுத்தம் அதிகமானவர்களுக்குப் பருவும் அதிகமானது. கவலை மட்டுமே பருவை உண்டாக்காது. இருக்கும் பருவை அது கிளறிவிடும்.

ஆனால் அதிக சேதம் செய்வது கண்ணாடிதான். முகத்தைக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தால் யாருடைய தோலும் குழியும் மேடுமாகத்தான் தெரியும். அப்படிப் பார்த்ததும் கை நகம் பருவுக்குப் போகிறது. அழுத்தும்போது பருவின் சுவர் உள்பக்கமாக உடைந்து சீழும் எண்ணெயும் ஆழத்தில் சிதறுகின்றன. வீக்கம் பெருகுகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஒரு வாரத்தில் வற்றியிருக்க வேண்டிய பரு, மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பாக மாறுகிறது. மறுநாள் கண்ணாடியில் பார்க்க இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது ஒளிவது. முடியை முன்னால் இழுத்துவிடுவது, போட்டோவுக்கு நிற்காமல் நழுவுவது, கல்யாண வீட்டைத் தவிர்ப்பது. தவிர்த்ததும் மனம் சற்று இளைப்பாறும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லும். "போனால் என்ன ஆகும்?" என்பதைச் சோதிக்க வாய்ப்பே கிடைக்காததால் பயம் அப்படியே தங்கிவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் சங்கடமான டி-ஷர்ட்டைப் போட்டு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அதற்காக எல்லாமே பிரமை என்று சொல்லிவிட முடியாது. "என்னம்மா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்கும் உறவினர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நிறுத்துவது வீட்டாரின் பொறுப்பு. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை. ஆகவே "நன்றாகக் கழுவு" என்ற அறிவுரையும் குற்றவுணர்வைத்தான் கூட்டும்.

மனம் அதிகம் தளர்வது சிகிச்சையின் முதல் மாதத்தில். பருவுக்குப் பூசும் மருந்தான அடாபலீன் 0.1 சதவீத ஜெல் என்றால் இரவில், கழுவித் துடைத்து நன்கு காய்ந்த முகத்தில், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். பருமேல் மட்டும் வைப்பது பயன் தராது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு முதல் நான்கு வாரம் தோல் சிவக்கும், உரியும், சிலருக்குப் பரு கூடவும் செய்யும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீமை வாங்குகிறார்கள். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு ஸ்டீராய்டே பருவை வரவழைக்கும், தோல் மெலியும்; நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். "எனக்கு எந்த மருந்துமே கேட்காது" என்ற விரக்தி வலுப்பது இங்கேதான்.

கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை மனச்சோர்வைத் தருமா என்ற கேள்வி நீண்ட காலமாக உண்டு. ஆய்வுகளின் தொகுப்புகளில், மொத்தமாகப் பார்க்கையில் ஆபத்து கூடவில்லை. பரு அடங்க அடங்கப் பலருடைய மனநிலை தேறியது. இருந்தும் தனிநபர் மாற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். கர்ப்பத்தில் இம்மருந்து கூடவே கூடாது.

மனச்சோர்வு இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமின்மை எத்தனை நாள் இருந்தது? சோர்வோ நம்பிக்கையின்மையோ எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். பரு அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண்ணாடியை நாளுக்கு இரண்டு முறை, கை நீளத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்தலாம். உருப்பெருக்கும் கண்ணாடியை வீட்டிலிருந்து அகற்றிவிடலாம். கை போகும் இடத்தில் ஹைட்ரோகொலாய்டு பரு ஸ்டிக்கர் ஒட்டினால் நகம் படாது. தவிர்த்துவந்த இடங்களில் எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்ப் பழகுவதை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் சிகிச்சையில் படிப்படியாகக் கற்றுத் தருகிறார்கள்.

உயிரை மாய்க்கும் எண்ணம் எட்டிப்பார்த்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழைக்கலாம். இந்தியாவில் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தோல் மருத்துவரிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துத் தேர்வும் அடுத்து எப்போது வரச்சொல்வது என்பதும் அதற்கேற்ப மாறும்.