ஸ்ட்ரோக்: கோடும் தீற்றலும்

அசைவு வரைகலைக்கான அடோபி மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு வட்டம் வரைந்தால் அதன் பாதை நெடுக ஓடும் வரைக்கு 'ஸ்ட்ரோக்' என்று பெயர். தூரிகைக் கருவியால் இழுத்த வண்ணத்துக்கும் அதே பெயர்தான். முன்னதைக் கோடு என்றும் பின்னதைத் தீற்றல் என்றும் தமிழில் பிரித்தே சொல்ல வேண்டும். இரண்டையும் மென்பொருள் உருவாக்கும் விதமே வேறு. ஒன்றில் கோளாறு வந்தால் திருத்த வேண்டிய அமைப்பு மற்றதில் இருக்காது.

ஆங்கிலத்தில் இச்சொல் 'ஸ்ட்ரைக்' என்ற வினையோடு உறவுடையது. அடி, வீச்சு, தடவல், எழுதுகோலின் ஒரே இழுப்பு என்று பொருள் விரிந்தது. மூளையைத் தாக்கும் நோய்க்கும் இதுவே பெயர் என்பதால்தான் இயந்திர மொழிபெயர்ப்பில் சில சமயம் 'பக்கவாதம்' வந்து நிற்கிறது. கணினி வரைகலையில் இதை நிலைநிறுத்தியதில் அடோபி 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிக்குப் பெரும் பங்கு உண்டு. பாதையின் உட்புறத்தை நிரப்ப 'ஃபில்', பாதைமேல் கோடிட 'ஸ்ட்ரோக்' என்று அதில் இரு கட்டளைகள். கோட்டின் அகலம், முனை, மூட்டு, கூர்மூலை நீளும் அளவான மைட்டர் எல்லை, துண்டுக்கோடு ஆகியவற்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. இன்றைய ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ஷேப் லேயரில், அதாவது வடிவங்கள் வரையும் அடுக்கில், ஸ்ட்ரோக்கைத் திறந்தால் தெரிவதும் அவையே.

சுவரில் சாந்து பூசுவதைத் தீற்றுதல் என்பது பழைய வழக்கு. தூரிகைத் தீற்றல் என்பது ஓவியம் பற்றி எழுதுவோரிடம் இன்றும் புழங்குகிறது. தூரிகைக்குச் சங்க காலத்திலேயே துகிலிகை என்ற பெயர் இருந்தது. பாதிரிப் பூவை, ஓவியர் அரக்கு ஊட்டிய துகிலிகைக்கு ஒப்பிடுகிறது நற்றிணை. ஆகவே தீற்றலைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டால் போதும்.

பலர் எழுதும் 'புறக்கோடு' ஷேப் லேயருக்குப் பொருந்தாது. அங்கே கோடு பாதையின் நடுவில் அமர்கிறது. அகலம் 20 பிக்சல் என்றால் உள்ளே 10, வெளியே 10. திறந்த பாதைக்கோ புறம் என்பதே கிடையாது. லேயருக்கு ஒப்பனை சேர்க்கும் லேயர் ஸ்டைல்ஸில் உள்ள ஸ்ட்ரோக்கில்தான் வெளியே, உள்ளே, நடுவே என்று இடம் தேர்ந்தெடுக்க முடியும். 'வெளியே' என்று வைத்தால் அது உண்மையான புறக்கோடு. ஆனால் கூர்மூலைகள் அதில் உருண்டுபோகும்.

எழுத்துகளில் இந்த நடுக்கோட்டுக் கணக்கு மிகவும் முக்கியம். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளில் இடம் குறைவு என்பதால் கோட்டின் வெளிப்பாதி அவற்றை அடைக்கக்கூடும். கோடு நிரப்பின் மேல் இருந்தால் உட்பாதி எழுத்தின் உடலையும் தின்றுவிடும். எழுத்தை அமைக்கும் கேரக்டர் பலகத்தில் நிரப்பு மேலே, கோடு கீழே என மாற்றினால் வெளிப்பாதி மட்டும் தெரியும். 4 பிக்சல் தெரிய வேண்டுமானால் 8 கொடுக்க வேண்டும். நெருக்கமாக அமைந்த எழுத்துகளில் ஒன்றின் கோடு பக்கத்து எழுத்தின்மேல் ஏறினால் 'ஆல் ஃபில்ஸ் ஓவர் ஆல் ஸ்ட்ரோக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

லைன் ஜாயின் என்பதை மூட்டு எனலாம். மைட்டர் கூர்மூட்டு, ரவுண்ட் வளைமூட்டு, பெவல் வெட்டுமூட்டு. கூர்மூட்டின் முள் கோட்டின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு வரை நீளலாம் என்பதே மைட்டர் எல்லை. அது 4 என்றால், ஏறத்தாழ 29 பாகைக்குக் குறுகிய மூலையெல்லாம் வெட்டுமூட்டாக மாறிவிடும். அசைவில் இது பெரிய தொல்லை. ஒரு மூலை மெல்லக் குறுகிக்கொண்டே வந்து அந்தக் கோணத்தைக் கடந்ததும், நீண்டிருந்த முள் ஒரே ஃபிரேமில் மறைந்து படம் துள்ளும். எல்லையை 10 ஆக்கினால் சுமார் 11.5 பாகை வரை முள் நிற்கும். கூர்மை தேவைப்படாத இடத்தில் வளைமூட்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

லைன் கேப் என்பது கோட்டின் முனை. பட் முனை பாதை முடியுமிடத்திலேயே நின்றுவிடும். ரவுண்டும் புரொஜெக்டிங்கும் பாதி அகலம் கூடுதலாக நீளும். துண்டுக்கோடு திடீரென முழுக்கோடாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அகலம் 20, இடைவெளி 20, உருண்டை முனை என்றால் இருபுறமும் 10 பிக்சல் நீண்டு இடைவெளியைத் தின்றுவிடும். இதையே பயன்படுத்தி புள்ளிக்கோடும் போடலாம். துண்டின் நீளம் 0, இடைவெளி 40, முனை உருண்டை என்று கொடுத்தால் 20 பிக்சல் புள்ளிகள், இடையே 20 பிக்சல் வெற்றிடம்.

தீற்றலில் மூட்டும் முனையும் இல்லை. தூரிகை நுனியின் அச்சுகள் பாதை நெடுக வரிசையாகப் பதிகின்றன. ஸ்பேசிங் என்பது அச்சுகளுக்கு இடையே உள்ள தொலைவு, விட்டத்தின் விழுக்காட்டில். அதை 100க்கு மேல் ஏற்றினால் தீற்றல் மணிமாலையாகப் பிரியும். ஹார்ட்னஸ் குறைந்தால் ஓரம் மங்கும். பெயின்ட் கருவி லேயர் பலகத்தில்தான் வேலை செய்யும், ஆகவே முதலில் லேயரை இருமுறை சொடுக்குங்கள். பிறகு கன்ட்ரோல் விசையை அழுத்தி இழுத்தால் விட்டம் மாறும். இழுத்துக்கொண்டே விசையை விட்டால் ஓரத்தின் கடினம் மாறும். மேக்கில் கமாண்ட் விசை.

லேயரின்மேல் வரையும் பாதையான மாஸ்க்கின் மீது இடும் ஸ்ட்ரோக் எஃபெக்ட்டும் தீற்றல் வகைதான், பெயர் எப்படி இருந்தாலும். கையெழுத்து தானே எழுதப்படுவதுபோல் காட்ட, பெயின்ட் ஸ்டைலில் 'ரிவீல் ஒரிஜினல் இமேஜ்' (தீற்றல் பட்ட இடத்தில் மட்டும் மூலப்படம் தெரியும்) வைத்து, தீற்றல் முடியும் இடத்தைக் குறிக்கும் எண்ட் மதிப்பை 0இலிருந்து 100க்குக் கொண்டுபோவார்கள். தூரிகை, எழுத்தின் தடிமனைவிடச் சிறிதாக இருந்தால் ஓரங்கள் தெரியாமல் விடுபடும். பெரிதாக்கினால், ழ போல வரைகள் நெருங்கும் எழுத்தில் அடுத்த வரையின் துணுக்கு முன்கூட்டியே தலைகாட்டும். அப்படி நெருங்கும் இடத்தில் எழுத்தை இரண்டு லேயராக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் போட வேண்டும்.

வடிவத்தைப் பெரிதாக்கும்போது கோடும் தடிக்கிறது என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஸ்ட்ரோக், வடிவத்தின் குழுவுக்குள் இருப்பதால் குழுவின் இடம், அளவு முதலியவற்றை மாற்றும் டிரான்ஸ்ஃபார்ம் அதையும் பெருக்குகிறது. அதைக் குழுவிலிருந்து வெளியே இழுத்து, கன்டென்ட்ஸின்கீழ் குழுவுக்கு அடுத்து வையுங்கள். குழுவின் ஸ்கேலை, அதாவது அளவை, எவ்வளவு மாற்றினாலும் கோட்டின் அகலம் அப்படியே நிற்கும். லேயரின் ஸ்கேலைத் தொட்டால் மட்டும் மறுபடி தடிக்கும்.