மாதுளை ஜூஸும் பிரஷர் மாத்திரையும்

போன வாரமும் ஒருவர். எழுபதைத் தாண்டியவர், பிரஷருக்கு டெல்மிசார்டன், இதயத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன், சிறுநீரகம் ஏற்கனவே கொஞ்சம் மந்தம். காலில் பலமே இல்லை என்று வந்தார், ரத்தத்தில் பொட்டாசியம் 6.4. ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் முகம் சுளிப்போம், ஆறைத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம், உடனே ஈசிஜி. வேறு என்ன சாப்பிடுகிறார் என்று திருப்பித் திருப்பிக் கேட்ட பிறகுதான் மகள் சொன்னார்: "காலையில ஒரு பெரிய டம்ளர் மாதுளை ஜூஸ், சாயங்காலம் ஒண்ணு. அது மருந்து இல்லையேன்னு சொல்லல டாக்டர்."

ஒரு டம்ளர் மாதுளை ஜூஸில், அதாவது 240 மில்லியில், சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஆரஞ்சிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. அவர் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மாத்திரைகளுமே பொட்டாசியத்தை உடம்பில் தேக்குபவை. மீதி உங்களுக்கே புரியும்.

ஏன் குடித்தார்? ஆன்டி ஆக்ஸிடன்ட்டாம், முதுமையைத் தள்ளிப்போடுமாம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்பவர் ஃப்ரீ ராடிக்கல்களால்தான், அதாவது உடம்பிலேயே உருவாகி செல்களைச் சேதப்படுத்தக்கூடிய மூலக்கூறுகளால்தான், உடல் மூப்படைகிறது என்று ஒரு கருத்தை வைத்தார். ஆராய வேண்டிய, நல்ல கருத்துதான். ஆனால் அதிலிருந்து நேராக, ஃப்ரீ ராடிக்கல் கெட்டது, ஆன்டி ஆக்ஸிடன்ட் அதை அழிக்கும், ஆகவே எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு இளமை என்று தாவிவிட்டார்கள். அதே ஃப்ரீ ராடிக்கல்களை வைத்துத்தான் நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்கின்றன, அதைக் கவனித்தார்களா? சோதனைக் குழாயில் பிரமாதமாக வேலை செய்யும் பழ நிறமிகளில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது சொற்பம், அதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-ல் முடிவு வந்தது. அது மாத்திரை, ஜூஸ் இல்லை, சரி. ஆனால் 'அதிகம் என்றால் நல்லது' என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனுக்கு எண் போட்டு வைத்திருந்த ஓராக் பட்டியலை அமெரிக்க விவசாயத் துறையே 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. பாட்டில் லேபிள்களுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை போல.

"சர்க்கரையே போடலை டாக்டர்" என்பவர்களுக்கு: பழத்தைப் பிழிந்தபோதே 20, 30 கிராம் சர்க்கரை டம்ளருக்குள் வந்தாயிற்று, நார் வடிகட்டியில் தங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஜூஸில் இருக்கும் சர்க்கரையைத் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதே இல்லை. பதினோரு மணிக்கு ஒரு பெரிய டம்ளர் குடித்த வயதானவர் மதியம் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுவார். வயதாக ஆக உண்மையில் கரைவது தசை. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு மாறும், மருத்துவரிடம் கேளுங்கள்), ஜூஸில் அது இல்லை என்றே சொல்லலாம்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் நட்சத்திரப் பழம் எந்த வடிவிலும் கூடாது. விடாத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும். சிம்வாஸ்டாட்டின் (கொழுப்புக்கு), நிஃபெடிபின் (பிரஷருக்கு) போன்ற மாத்திரைகள் போடுபவர்கள் கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு பழம்) ஜூஸ் பக்கம் போகாதீர்கள், அது ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை என்று பிரித்தாலும் பிரயோசனமில்லை, அதன் வேலை ஒரு நாளைத் தாண்டி நிற்கும். அலர்ஜிக்கான ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், பழச்சாறு அதை உள்ளே போகவிடாமல் தடுக்கும்.

பழம் சாப்பிடுங்கள், மென்று, முழுசாக. பல் இல்லையென்றால் மசித்து. மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் எந்தப் பழம், எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா அப்பாவுக்குப் பாட்டில் பாட்டிலாக வாங்கி அனுப்பும் பிள்ளைகளே, உங்கள் பாசம் புரிகிறது, தயவுசெய்து அவர்களுடைய மாத்திரைச் சீட்டை ஒரு தடவை பாருங்கள். அப்புறம், இதைப் படித்துவிட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸைத் தொடரப்போகிறவர் ஒருவராவது இருப்பார். நிறுத்த வேண்டியது ஜூஸை ஐயா, மாத்திரையை அல்ல. அடுத்த முறை வரும்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.