திராம்போபீலியா: குருதி உறைநாட்டம்

திராம்போபீலியா ஒரு நோயின் பெயரன்று. குருதிக்குழாய்க்குள், உறையக் கூடாத இடத்தில், உறைகட்டி உண்டாகும் வாய்ப்பு ஒருவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும் நிலையைச் சுட்டும் சொல் அது. கட்டி உண்டாகிவிட்டால் அதற்குத் திராம்போசிஸ் என்று பெயர். தமிழில் எழுதுவோர் இரண்டையும் 'இரத்த உறைவு நோய்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கிரேக்கத்தில் 'திராம்போஸ்' என்றால் கட்டி. குருதிக்கட்டிக்கும் பால் திரைந்த கட்டிக்கும் அந்த ஒரு சொல்தான். தமிழின் 'உறை'யும் அப்படியே: பாலில் உறை ஊற்றுகிறோம், காயத்தில் குருதி உறைகிறது. 'பிலியா' என்பதற்கு விருப்பம், நாட்டம், சாய்வு என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்த ஹீமோபீலியாவின் வார்ப்பில் பிறந்த சொல் இது. அங்கே குருதி உறையத் தவறுகிறது, இங்கே தேவைக்கு மேல் உறைகிறது. ஈறு ஒன்றாக இருந்தும் பொருள் நேர் எதிர்.

1937-லேயே மருத்துவக் கட்டுரையில் இச்சொல் வந்துவிட்டது. ஆனால் மரபுவழி என்ற பொருள் அதில் ஏறியது 1965-இல். நார்வேயைச் சேர்ந்த ஒலாவ் எகெபெர்க், தலைமுறை தலைமுறையாகச் சிரைகளில் உறைகட்டி வந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஆன்டிதிராம்பின் என்ற புரதம் இயல்பில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. உறைதலை முடுக்கும் திராம்பினை அடக்குவது அதன் வேலை. பின்னர், உறைதலை அடக்கும் வேறு இரு புரதங்களான சி, எஸ் ஆகியவற்றில், புரதம் சி குறைபாடு 1981-லும், புரதம் எஸ் குறைபாடு 1984-லும் குடும்பங்களில் கண்டறியப்பட்டன. (எஸ் என்பது சியாட்டில் நகரின் முதலெழுத்து, சி என்பது, புரதங்களைப் பிரித்தெடுத்தபோது அது அளவு வரைகோட்டின் மூன்றாவது முகட்டில் வந்ததைக் குறிக்கிறது.) 1993-இல் சுவீடனின் தால்பெக், புரதம் சி-க்குக் கட்டுப்படாத குருதியை ஒரு நோயாளியிடமும் அவர் உறவினரிடமும் கண்டார். மறு ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் அதன் காரணத்தைப் பிடித்தார்கள். உறைதலுக்கு உதவும் புரதமான உறைதல் காரணி 5-இன் 506-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமின் இருந்தது. புரதம் சி அந்த இடத்தில்தான் வெட்டி காரணியை அடக்கும்; வெட்ட முடியாமல் போகவே காரணி நெடுநேரம் வேலை செய்கிறது. இதுவே காரணி 5 லைடன். 1996-இல், திராம்பினின் முன்வடிவமான புரோதிராம்பினின் மரபணு மாற்றமும் பட்டியலில் சேர்ந்தது.

எந்தச் சொல் பொருந்தும் என்பதையும் குடும்ப ஆய்வே சொல்லிவிடுகிறது. ஆய்வு, உறைகட்டி வந்த ஒருவரிடமிருந்து தொடங்கும். குறைந்தது 3 தலைமுறைக்குக் கொடிவழிப் படம் வரைவார்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கட்டி வந்தவருக்கு நிரப்பிய வடிவம், இறந்தவருக்குக் குறுக்குக்கோடு, தொடக்க நோயாளிக்கு அம்புக்குறி. கட்டி எந்த வயதில் வந்தது, காலின் ஆழ்சிரையிலா நுரையீரலிலா, அதற்கு முந்தைய 3 மாதங்களில் அறுவை, மாவுக்கட்டு, பேறுகாலம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஏதேனும் இருந்ததா என்று ஒவ்வொருவருக்கும் குறிக்க வேண்டும். 'கால் வீங்கியிருந்தது' என்ற வாய்மொழியை நம்பி வட்டத்தை நிரப்பக் கூடாது. தோல் தொற்றிலும் கால் வீங்கும். அல்ட்ராசவுண்ட் அல்லது மருத்துவமனைப் பதிவு வேண்டும்.

குறைபாடு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைப் பெற 50% வாய்ப்பு. ஆகவே ஒரே குடும்பத்துக்குள் குறைபாடு பெற்றவர், பெறாதவர் என இரு குழுக்கள் தாமாகவே அமைகின்றன. ஒப்பிட இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. பெரும்பாலும் 15 வயதிலிருந்து முதல் கட்டி வரும்வரை, அல்லது ஆய்வு நாள்வரை, ஒவ்வொருவரும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டுவார்கள். குறைபாடு உள்ள 20 பேரின் கூட்டு 600 ஆண்டுகள், அதில் 3 பேருக்குக் கட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 100 பேரில் 0.5. காரணி 5 லைடனைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற உறவினரிடம் கிடைப்பது ஏறத்தாழ இந்த அளவே. ஆன்டிதிராம்பின் குறைபாட்டில் அது 1 முதல் 2 வரை போகும். தொடக்க நோயாளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கட்டி வந்ததால்தானே அவர் ஆய்வுக்கு வந்தார்! அவரை நீக்கினாலும் கணக்கின் ஒருபக்கச் சாய்வு முழுவதும் போய்விடாது. பலருக்குக் கட்டி வந்த குடும்பங்களையே தேடிப் பிடிப்பதால், அவற்றில் இரண்டு குறைபாடுகள் சேர்ந்திருக்கவும் கூடும்; பொதுமக்களிடம் காண்பதைவிட ஆபத்து பெரிதாகத் தெரியும்.

குருதிச் சோதனையில் பிழை புக வழிகள் நிறைய. 9 பங்கு குருதிக்கு, குழாயில் அது உறையாமல் தடுக்கும் 3.2% சோடியம் சிட்ரேட் 1 பங்கு என்பது அளவு. நீல மூடிக் குழாயைக் கோடுவரை நிரப்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து, உறையும் நேரம் பொய்யாக நீளும். புதிதாகக் கட்டி வந்த நாட்களில் தடுப்புப் புரதங்கள் செலவாகிக் குறைந்திருக்கும். உறைதடுப்பு மருந்துகளில் ஹெப்பாரின் ஆன்டிதிராம்பினைக் குறைக்கும். வார்ஃபரின் புரதம் சி, எஸ் இரண்டையும் குறைக்கும். பேறுகாலத்தில் புரதம் எஸ் இயல்பாகவே இறங்கும். வார்ஃபரின் நிறுத்தி 2 வாரமாவது கழியாமல் அளந்த புரதம் சி அளவை வைத்து ஒரு குடும்பத்துக்கே குறைபாட்டு முத்திரை குத்துவது நடக்கிற தவறுதான். (சோதனைக்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.) காரணி 5 லைடன் போன்றவற்றுக்கான மரபணுச் சோதனையை இவை எதுவும் பாதிக்காது.

இனித் தமிழ்ச் சொல். குறைபாடு பெற்றவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் கட்டியே வருவதில்லை. ஆகவே 'நோய்' என்ற ஈறு பொருந்தாது. 'மிகையுறைவு' என்றாலும் ஏற்கெனவே உறைந்துவிட்டது போல ஒலிக்கிறது. குருதி உறைநாட்டம் என்பதே சரி. 'குருதி'யை விடக் கூடாது. தனியே நின்றால் 'உறை' தங்குதலையும் குறிக்கும், மேலுறையையும் குறிக்கும். உடல் தானே உண்டாக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களால் பிறவிக்குப் பின் வருவதும் உண்டு என்பதால், குடும்பவழி வருவதற்கு 'மரபுவழி' என்ற அடையும் வேண்டும். இயல்பான செயலுக்கு உறைதல், குழாய்க்குள் உண்டான பொருளுக்கு உறைகட்டி, அது உண்டாகும் நிகழ்வுக்குக் குழாய் உறைவு என்று பிரித்துக்கொள்ளலாம். நாட்டம் 'இருக்கிறது', உறைவு 'வந்தது' என்று வினையையும் மாற்றி எழுதினால் படிப்பவர் தடுமாறமாட்டார்.

அறிக்கையில் 'திராம்போபீலியா இல்லை' என்றிருந்தால், 'சோதித்த குறைபாடுகள் காணப்படவில்லை' என்றே பெயர்க்க வேண்டும். அறியப்பட்ட குறைபாடு எதுவும் அகப்படாதபோதும், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ உறைகட்டி வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது.