கனவு கலையாமல் தங்குவது எப்படி?

"அட, இது கனவு!" என்று கனவுக்குள்ளேயே தெரிந்துபோகும் அனுபவம் உங்களுக்கும் ஒரு தடவையாவது வாய்த்திருக்கலாம். இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேர் அப்படி ஒரு கனவு கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். லூசிட் ட்ரீம் என்பார்கள், தமிழில் தெளிகனவு. கனவென்று தெரிந்ததும் மனசு துள்ளும். துள்ளிய அடுத்த நொடி விழிப்பு வந்துவிடும். இதற்குள் நுழையும் வழியைச் சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் உள்ளே தங்கினால்தான் எதையாவது கற்றுக்கொள்ள முடியும் என்பதால், தங்கும் வழியைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

முதலில், இது நிஜம்தானா? தூங்குகிறவர் சொல்வதை எப்படி நம்புவது? நாம் பெரும்பாலும் கனவு காண்பது ரெம் தூக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில். அப்போது மூளைத்தண்டு உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். பாதி விழிப்பில் அந்தக் கட்டு அவிழாமல் கிடப்பதைத்தான் 'பேய் அமுக்குது' என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். மூச்சுக்கான தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும் மட்டும் இந்தக் கட்டில் அகப்படுவதில்லை. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பயன்படுத்திக்கொண்டார். கனவென்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஓட்ட வேண்டும் என்று ஆலன் வர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். வர்ஸ்லி தூங்கிக்கொண்டிருக்கும்போதே கருவியில் அந்தச் சைகை பதிவானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் என்ற ஆய்வாளர் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து 1981இல் வெளியிட்டார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இன்னும் ஒருபடி மேலே போயின. கனவில் இருப்பவரிடம் "8இலிருந்து 6 போனால்?" என்று கேட்டார்கள். அவர் கண்ணை இரண்டு தரம் அசைத்துப் பதில் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு தடவை வந்ததே எனக்குப் பெரிய அதிசயம்.

சரி, தங்குவது எப்படி? லபெர்ஜ் சோதித்துப் பார்த்த இரண்டு உத்திகள் இருக்கின்றன. காட்சி மங்கத் தொடங்கியதும் கனவுக் கைகள் இரண்டையும் சூடு தெரியும்வரை பரபரவென்று தேய்ப்பது ஒன்று. சின்ன வயதில் தலை கிறுகிறுக்கச் சுற்றுவோமே, அந்த மாதிரி நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுவது இன்னொன்று. ஒன்றும் செய்யாமல் கனவின் போக்கில் விட்டவர்களைவிட, இப்படிச் செய்தவர்களுக்குக் கனவு நீடிக்கும் வாய்ப்பு மிகவும் அதிகமாக இருந்தது. காரணமாக அவர் சொல்வது இது: கையின் உரசலையோ சுழற்சியையோ உணர்வதில் மூளை மும்முரமாக இருந்தால், மெத்தையில் கிடக்கும் நிஜ உடம்பைக் கவனிக்க அதற்கு இடமிருக்காது. நிஜ உடம்பு கவனத்துக்கு வந்துவிட்டால் விழிப்புதான். கனவுச் சுவரைத் தடவுங்கள், தரையின் குளிர்ச்சியைக் காலால் உணருங்கள். ஒரே புள்ளியை வெறித்துப் பார்க்காதீர்கள். கனவை முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே செய்வது அது.

சுற்றி முடித்ததும் காட்சி மாறிவிடலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் வீவக வீட்டுப் படுக்கையில் எழுந்து, பல் துலக்கி, மின்தூக்கியில் இறங்கி, எம்ஆர்டி நிலையம்வரை நடந்தும் போய்விடுவீர்கள். எல்லாம் கனவாகவே இருக்கும். அதனால் எழுந்தவுடன் எதையாவது இரண்டு தடவை படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். எதிர்ப் புளோக்கின் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். கனவில் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. 412 என்று படித்தது 472 ஆகியிருக்கும். பகலில் உண்மையான சந்தேகத்தோடு இதைச் செய்து வந்தால் கனவிலும் செய்யத் தோன்றும்.

கற்பதற்கு வருவோம். 2010இல் டானியல் எர்லாகரும் மைக்கேல் ஷ்ரெட்லும் ஒரு சோதனை செய்தார்கள். சுமார் 2 மீட்டர் தள்ளியிருக்கும் கோப்பைக்குள் நாணயத்தை எறிந்து போட வேண்டும். இரவு தெளிகனவில் எறிந்து பழகியவர்கள் காலையில் முன்னைவிட நன்றாக எறிந்தார்கள். நிஜமாகப் பழகியவர்கள் அவர்களைவிட முன்னேறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மியூனிக்கில் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் 2011இல் கண்டது இதற்கு வலு சேர்க்கிறது: கனவில் கை முஷ்டியை இறுக்கும்போதும், விழிப்பில் அந்த அசைவுக்கு வேலை செய்யும் அதே மூளைப்பகுதி, கொஞ்சம் மெலிதாக, வேலை செய்கிறது.

என் அக்கா மகன் மிருதங்கம் பயில்கிறான். அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் வாசிக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிடுவார். கனவில் வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். தாராளமாக என்றேன். ஒரே ஒரு கோர்வையை எடுத்துக்கொள், முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் மட்டும் வாசி என்றும் சொன்னேன். கனவில் உடலசைவுக்கு விழிப்பைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று எர்லாகரின் பிந்தைய ஆய்வு காட்டுகிறது. வேகத்துக்குப் போனால் குழம்பும், பரபரப்பு வரும், கனவு கலையும். விழித்ததும் விளக்கைப் போடாமல், அசையாமல் கிடந்து நினைவுபடுத்திக்கொண்டு, அப்புறம் தொடையில் மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொன்னேன்.

இத்தனைக்கும் அடிப்படையான ஒன்று நம் சிங்கப்பூரில் அரிதாகிவிட்டது, அதுதான் தூக்கம். ரெம் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், விடியவிடிய அதன் நீளம் கூடும். ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு ஒரு மணிக்குப் படுக்கிற பிள்ளை இழப்பது அந்தக் கடைசி நீண்ட பகுதியைத்தான். இங்கே டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பதின்ம வயதினரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் படுக்க வைத்து 2016இல் வெளியிட்ட முடிவுகளில், கவனமும் செயல்நினைவும் தெளிவாகச் சரிந்திருந்தன. அப்படிப்பட்ட தூக்கத்தை மேலும் கிழித்து, நடுவில் அலாரம் வைத்துத் தெளிகனவு தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

பள்ளி விடுமுறையில், போதுமான தூக்கம் கிடைக்கும் நாளில் முயலலாம். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைத்துக்கொண்டு, "அடுத்த கனவில் இது கனவென்று எனக்கு ஞாபகம் வரும்" என்று மனசுக்குள் சொல்லியபடியே மறுபடி தூங்குவது லபெர்ஜ் வகுத்த முறை. சீக்கிரம் தூங்கிப்போகிறவர்களுக்கே இது அதிகம் பலிக்கிறது. தூக்கம் வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.