கழுத்து வழியாக ஹேங்கரைத் திணிக்காதீர்கள்

எங்கள் தெருவில் ஆல்டரேஷன் தைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முன்பு மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு அவரிடம் பிள்ளைகளின் பி.டி. யூனிஃபார்ம் டீ-ஷர்ட்டுகள் குவிந்துவிடும். போன வருடம் அந்தக் குவியலை என்னிடம் காட்டினார். துணி நன்றாக இருந்தது, சாயம் போகவில்லை. ஆனால் முக்கால்வாசி உருப்படிகளில் கழுத்து மட்டும் அலை அலையாகத் தொங்கியது. “இதெல்லாம் போட்டுக் கெட்டது இல்ல தம்பி, மாட்டிக் கெட்டது” என்றார்.

வீட்டு உபயோக பிளாஸ்டிக் பொருட்களை வடிவமைத்து, மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் அதற்கு டை, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, செய்ய வைப்பதுதான் என் தொழில். பல வருடங்களாக ஹேங்கரும் வரைந்து கொடுத்திருக்கிறேன். தோள் அகலம், கொக்கியின் வளைவு, எத்தனை கிராம் பிளாஸ்டிக் என்று எல்லாம் கணக்கிட்டிருக்கிறேன். துணியின் கழுத்தை ஒருநாளும் அளந்ததில்லை. அண்ணன் சொன்ன பிறகுதான் டேப்பை எடுத்தேன்.

பெரியவர்களுக்கான வட்டக் கழுத்து டீ-ஷர்ட்டைத் தரையில் விரித்து வைத்தால் கழுத்தின் அகலம் 17, 18 செ.மீ. இருக்கும். முதல் வகுப்புப் பிள்ளையின் சட்டையில் 15 செ.மீ.தான். கடையில் வாங்கும் சாதாரண ஹேங்கரோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 42 செ.மீ. ஒரு முனையைச் சாய்த்து உள்ளே விட்டு, மறு முனைக்கு வழி பண்ணக் கழுத்தை ஒரு பக்கமாக இழுக்கிறோம். டீ-ஷர்ட் துணி, நெய்த துணி அல்ல. ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல் துணி. இழுத்தால் கண்ணிகள் உருமாறி நீளும், விட்டால் பெரும்பாலும் திரும்பும். அந்தத் திரும்பும் குணம் அதிகமாக இருக்க வேண்டும் என்றுதான் கழுத்துக்கு மட்டும் ரிப் என்ற பட்டியைத் தனியாக வைத்துத் தைக்கிறார்கள். நல்ல ரகம் என்றால் அதில் கொஞ்சம் லைக்ரா என்ற இழுவை நூலும் இருக்கும். தலை நுழையும்போது பட்டி சுற்றிலும் சமமாக விரிகிறது. ஹேங்கர் நுழையும்போது ஒரே இடம் மட்டும் இழுபடுகிறது. அதுவும் ஈரத்தில், வாரத்துக்கு இரண்டு தடவை, அதே இடத்தில்! நனைந்த பருத்திக் கண்ணி எளிதில் நகர்ந்துவிடும். நகர்ந்த இடத்திலேயே காய்ந்தும் போகும்.

சுடிதார் டாப்பில் கதை வேறு. அது நெய்த துணி, நீளாது. இழுத்தால் கழுத்து ஓரத்துத் தையல்தான் படக்கென்று அறுகிறது, இல்லையென்றால் பின்கழுத்துக் கொக்கி பிய்ந்து வருகிறது. கல்லும் ஜரிகையும் வைத்த கழுத்து என்றால் ஹேங்கர் முனை உரசியே வேலைப்பாடு உதிர்ந்துவிடும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஹேங்கரைச் சட்டையின் அடிப்பக்கமாக உள்ளே விட்டு, கொக்கியை மட்டும் கழுத்து வழியே வெளியே எடுங்கள். கழுத்து இழுபடவே இழுபடாது. இன்றைக்கே செய்யலாம், புது ஹேங்கர் எதுவும் வாங்க வேண்டாம்.

இதையே வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். செய்து பார்த்துவிட்டு, “இது எனக்கு ஆகாதுப்பா” என்று சொல்லிவிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு, வலது தோள் இறுகிப் போயிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. ஈரத் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குள் கையை விட்டு, ஹேங்கரை மேலே தள்ளி, இன்னொரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தோள் நன்றாக இருப்பவருக்கே மொட்டை மாடி வெயிலில் பதினைந்து சட்டை மாட்டுவதற்குள் அலுத்துவிடும். பேரப்பிள்ளைகளின் துணியைக் காயப்போடுவது பல வீடுகளில் பாட்டிமார்தான். மடங்கும் ஹேங்கரை நான் கையில் எடுத்தது அவர்களுக்காகத்தான்.

மடங்கும் ஹேங்கர் சந்தையில் ஏற்கெனவே இருக்கிறது. பயணப் பையில் வைப்பதற்கு என்று விற்கிறார்கள். சிலவற்றை வாங்கி ஈரத் துணி மாட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு நின்றன, மற்றவை கொஞ்ச நேரத்தில் கையைத் தொங்கவிட்டுவிட்டன. இதில் ஒரு இடக்கு இருக்கிறது. கழுத்து வழியே நுழைய வேண்டுமென்றால் ஹேங்கரின் கைகள் கீழ்நோக்கித்தான் மடங்க வேண்டும். மேல்நோக்கி மடித்தால் முனைகள் சட்டைக்கு வெளியே நின்றுவிடும், உள்ளே போய் விரியாது. ஆனால் துணியின் எடையும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. அதாவது மடங்கும் திசையும் சுமை தள்ளும் திசையும் ஒன்று. அதனால் பூட்டு இல்லாமல் இது நடக்காது. அந்தப் பூட்டையோ, ஒரு கையால் போடவும் எடுக்கவும் முடிய வேண்டும்.

முதல் மாதிரியில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொத்தான் வைத்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது, தூக்கிப் போட்டேன். இரண்டாவது மாதிரிக்கு வழி காட்டியது துணிக் கிளிப். ஒவ்வொரு கைக்கும் கீலுக்கு மேலே இரண்டரை செ.மீ. நீளத்தில் ஒரு வால் வைத்தேன். கை மடங்கிக் கிடக்கும்போது இரண்டு வாலும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சட்டைக்குள்ளே கைகள் மேலெழுந்து தோளில் பொருந்தும். வால்கள் கொக்கித் தண்டோடு சேர்ந்த உடனே, தண்டில் கோத்திருக்கும் வளையம் தன் எடையில் ‘டக்’கென்று இறங்கி இரண்டு வாலையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். துணியின் எடை வால்களை வெளிப்பக்கமாகத்தான் தள்ளுமே தவிர, வளையத்தை மேலே தள்ளாது. அதனால் சுமை ஏறினாலும் பூட்டு கழலாது. எடுக்கும்போது வளையத்தை ஒரு விரலால் தூக்கினால் போதும், கைகள் விழுந்து சட்டை நம் கைக்கே வந்துவிடும்.

வளையத்தின் கணக்கை மட்டும் அலட்சியமாக விடக்கூடாது. ஈரச் சட்டை அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைக்குக் கால் கிலோ. அது கீலிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் அழுத்துகிறது, வாலோ இரண்டரை செ.மீ.தான். ஆறு மடங்காகி ஒவ்வொரு வாலும் வளையத்தை ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தள்ளும். இதை மனதில் கொள்ளாமல் மெல்லிசாகப் போட்ட என் முதல் வளையம் மூன்றாம் நாளே தெறித்தது. இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தொங்கவிட்டு, ஒரு இரவு நின்றால்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

மாதிரியை 3டி பிரிண்டரில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். மே மாத மதுரை மொட்டை மாடியில் கறுப்பு நிற மாதிரியை விட்டுவிட்டு வந்தேன், மாலையில் வாழைப்பழம் போல வளைந்து கிடந்தது. நான் டைக்குத் தேர்ந்தெடுத்தது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அது மடிந்து மடிந்து நிமிரும், சீக்கிரம் உடையாது. ஆனால் வெயிலைத் தாங்கும் கலவையை அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒரு கோடையிலேயே நொறுங்க ஆரம்பிக்கும். கீலுக்கு இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சட்டையில் துருக்கறை ஏறினால் பலர் பிளீச் ஊற்றுகிறார்கள், துருவுக்கு அது கறையை இன்னும் அழுத்தமாக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு ஊறவைப்பது மேல்.

கை நீளத்திலும் கவனம் வேண்டும். முனை, தோள் தையலுக்கு ஒன்று இரண்டு செ.மீ. உள்ளேயே நின்றுவிட வேண்டும். தாண்டினால் சட்டைக் கையில் கொம்பு முளைத்தது போல மேடு விழும். பெரியவர்கள் ஹேங்கரில் பிள்ளைச் சட்டையை மாட்டுகிற வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். சின்னச் சட்டைக்கு 28, 30 செ.மீ. அகலம் போதும். மடித்த நிலையில் ஹேங்கர் 8 செ.மீ.க்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்று எனக்கு நானே வரம்பு வைத்திருக்கிறேன். அதாவது சின்னக் கழுத்தில் சுமார் பாதி.

அப்புறம், எந்த ஹேங்கரும் ஆகாத துணியும் உண்டு. கனத்த பின்னல் துணி, ஸ்வெட்டர், நீளமான பனியன் கவுன் இவற்றை ஈரத்தோடு தோளில் தொங்கவிட்டால் கழுத்து தப்பும், உடம்பு நீளும். அவற்றைக் கொடியில் நடுவாகப் போட்டு எடை இரண்டு பக்கமும் பிரியும்படி காயவிடுங்கள்.

இது போல ஏதாவது செய்து பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை செய்யும் விதம் புதிது என்றால் அது காப்புரிமையில் (பேட்டன்ட்) வரும், 20 ஆண்டு. வெளித்தோற்றம் மட்டும் புதிது என்றால் 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம், 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் முன் பொருள் பொதுவெளிக்கு வந்திருக்கக் கூடாது. சந்தோஷத்தில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. கையில் முழு வரைபடம் இல்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்போடு (புரொவிஷனல்) காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.

டை வெட்டுவதற்கு முன் கடைசி மாதிரியை அம்மாவிடமும் தையல்கார அண்ணனிடமும் கொடுத்திருக்கிறேன். அண்ணன் வாலின் வெளிப்புறத்தைத் தட்டையாக்கச் சொன்னார், ஈரக் கையில் வழுக்குகிறதாம். ஆக்கிவிட்டேன். அம்மாவுக்குக் கண்புரை. வெள்ளைத் தண்டில் வெள்ளை வளையம் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை என்றார். இப்போது வளையம் சிவப்பு.