"குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான், டாக்டர்!"

சனிக்கிழமை இரவுகளில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் வெட்டுக்காயங்களில் பல, எதிரிகளால் அல்ல, ஒரே மேசையில் அமர்ந்து குடித்த நண்பர்களால் ஏற்பட்டவை. அண்மையில் ஓர் இளைஞரின் புருவத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, பாட்டிலால் அடித்தவரே வெளியில் அழுதுகொண்டு நின்றார். மது வரியை உயர்த்தினால் இவை ஓரளவு குறையும் என்று நான் சொன்னதற்கு, உடன் வந்த பெரியவர் சொன்ன பதில்தான் மேலே உள்ள தலைப்பு.

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. குடிப்பவர் என்றதும் வீட்டில் உள்ளதையெல்லாம் விற்றுக் குடிக்கும் ஒருவர்தான் எல்லோர் மனத்திலும் வந்து நிற்கிறார். எங்களிடம் வருபவர்களில் பலரோ வார இறுதியில் மட்டும், கையிலிருக்கும் பணத்துக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவையும் குடிப்பவர்கள். மூன்றாவது ரவுண்டில் கேலி பேசியவர்கள், ஆறாவதில் கைகலக்கிறார்கள். விலை ஏறினால் முதலில் குறைவது அந்த ஆறாவது ரவுண்டுதான். விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது என்பது ஆய்வுகளின் கணக்கு. ஆகவே குடி குறைந்தாலும் அரசின் வருவாய் கூடவே செய்யும். பின்லாந்து 2004இல் மது வரியை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோது, குடியும் கூடியது, குடியால் நேர்ந்த சாவுகளும் கூடின. எப்படியும் குடிப்பார்கள் என்றால், விலை இறங்கியதும் ஏன் கூட வேண்டும்?

அதற்காக, வரி போட்ட மறுநாளே அடிதடி ஓய்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வரியை இரட்டிப்பாக்கினால் மது சார்ந்த சாவுகள் 35 சதவீதமும், சாலை விபத்துச் சாவுகள் 11 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்ட 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வன்முறைக்குக் கொடுத்தது 2 சதவீதம்தான். அவ்வளவுதானா என்று உதடு பிதுக்குபவர்கள் ஓரிரவு எங்கள் பிரிவில் வந்து நிற்கட்டும்.

வரியை மதுவின் வீரியத்துக்கேற்ப விதிக்க வேண்டும், விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும், வருவாயில் ஒரு பங்கைப் போதை மீட்புச் சிகிச்சைக்கும் கள்ளச்சாராய ஒழிப்புக்கும் ஒதுக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் பணமின்றித் திடீரென்று நிறுத்தினால், "திருந்திவிட்டார்" என்று மகிழ்ந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், கை நடுங்கத் தொடங்கும்போதே அழைத்து வாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கள்ளச்சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கினால், விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.